அலாரம் அடித்தது

கேள்வியக்கா ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது குழந்தையை அல்ல, மாமியாரை. மாமியார் எங்கே உட்காருவார், காது எவ்வளவு கூர்மை, என்ன வேலை கொடுத்தால் எழுந்து போவார் என்பதைச் செருப்பைக் கழற்றும் நேரத்துக்குள் கணித்துவிடுவாள். சில மாமியார்களுக்கு, "பாப்பாவோட தடுப்பூசி அட்டை எங்கம்மா, கொஞ்சம் தேடிக் குடுங்களேன்" என்றால் போதும். எந்த வீட்டிலும் அந்த அட்டை தேடாமல் கிடைத்ததில்லை. அழுத்தக்காரர்களுக்கு வேறு மருந்து: "குழந்தைக்குக் கொஞ்சம் வெயில் படணும்மா. உங்க கைதான் பழகின கை, நீங்களே தூக்கிட்டுப் போங்க."

ஒருமுறை ஒரு மாமியார், "எனக்குத்தான் காதே கேக்காதே, நீ பாட்டுக்குக் கேளு" என்று கட்டிலை விட்டு அசையாமல் உட்கார்ந்துகொண்டார். கேள்வியக்கா குரலைத் தாழ்த்தி மருமகளிடம், "இந்த வீட்ல நல்லா சமைக்கிறது யாரு?" என்று கேட்டாள். "நான்தான்" என்றார் காது கேளாதவர். சொன்ன பிறகுதான் மாட்டிக்கொண்டது தெரிந்து, தானே எழுந்து வெளியே போனார்.

அவளுடைய வேலை அதுதான். பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த பெண்களைத் தேடிப் போய்க் கேள்வி கேட்பது. ஆஸ்பத்திரியிலிருந்து கணக்கெடுப்பு அலுவலகத்துக்குப் பிறப்புப் பட்டியல் வரும். அதிலிருந்து குலுக்கிப் போட்டு எடுத்ததுபோல் சில பெண்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பார்கள். குழந்தை தலை நிற்கும் பருவத்தில் கேள்வியக்கா அந்த வீட்டு வாசலில் நிற்பாள். கர்ப்பத்தில் யார் கூட இருந்தார்கள், பிரசவ அறையில் எப்படி நடத்தினார்கள், பால் சுரந்ததா, குழந்தையை எப்படிப் படுக்கவைக்கிறாய், அழுகை வருகிறதா, தூக்கம் வருகிறதா, யாராவது கை நீட்டினார்களா. பதில்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் தாய்மார்களும் சிசுக்களும் எங்கே இடறி விழுகிறார்கள் என்று தெரியும், அந்த இடத்தைச் செப்பனிடலாம் என்பது கணக்கு. செப்பனிட்டும் இருந்தார்கள். பால் கொடுக்க முதுகு சாய்த்து உட்கார இடமில்லை என்று ஒரு வருஷம் பெண்கள் வரிசையாகச் சொன்னதன் பலனாக, பிரசவ வார்டில் கைப்பிடி வைத்த நாற்காலிகள் வந்தன. கேள்வியக்கா ஒருநாள் வேலை இருப்பதுபோல் போய் அதில் ஒன்றில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"நாற்காலி எப்படி?" என்று கேட்டார் அவள் கணவர். அவர் தெருமுனையில் கண்ணாடி வெட்டும் கடை வைத்திருந்தார்.

"நல்லா சாயுதுங்க."

"ஊர்ல இருக்குறவங்களை எல்லாம் கேள்வி கேட்டு நாற்காலி வாங்கிக் குடுக்குற. என்கிட்டயும் ஒரு கேள்வி கேளேன், 'சாப்டீங்களா'ன்னு."

இதற்கு முன்னால் அவள் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் குறை பார்க்கும் வேலையில் இருந்தாள். விளக்கடியில் நின்று, விட்டுப்போன தையலை விரலால் தடவியே கண்டுபிடிக்கிற வேலை. தொழிற்சாலை மூடிய பிறகு, வீடு வீடாகப் போக ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு இதில் சேர்ந்தாள். கேட்பதற்கு யாரும் பெரிதாகச் சொல்லித்தரவில்லை. வினாத்தாளைக் கையில் கொடுத்து, ஒருநாள் ஒரு அறையில் உட்காரவைத்து அனுப்பினார்கள். மற்றதெல்லாம் அவளாகவே பழகியது. கேள்வி கேட்டதும் எதிரில் இருப்பவளின் முகத்தைப் பார்க்கக்கூடாது, பேனா மூடியைப் பார்க்க வேண்டும். பதில் வந்த பிறகும் கொஞ்சம் சும்மா இருக்க வேண்டும், ஏனென்றால் நிஜமான பதில் முதல் பதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நிற்கும்.

ஆரம்பத்தில் ஒரு பெண், பிரசவ அறை எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "பரவாயில்ல" என்றாள். கேள்வியக்கா "நன்றாக இருந்தது" என்று எழுதிக்கொண்டு பஸ் ஏறினாள். பாதி வழியில் உறுத்தியது. நல்லா இருந்தால் நல்லா இருந்துச்சு என்று சொல்லியிருப்பாளே. பரவாயில்லை என்றால், பரவிய ஏதோ ஒன்றைத் துடைத்துக்கொண்டு சொல்வது அல்லவா? இறங்கித் திரும்பிப் போய்க் கேட்டாள். அரை மணி நேரம் பேசினாள் அந்தப் பெண். அன்றிலிருந்து கேள்வியக்கா வார்த்தையை மாற்றுவதில்லை. கடைசியில் வரும் "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா" என்ற கேள்விக்கு எது வந்ததோ அதை அப்படியே எழுதி, திருப்பி வாசித்துக் காட்டி, "சரியா?" என்று கேட்ட பிறகுதான் பேனாவை மூடுவாள்.

இந்தக் கணக்கெடுப்பைத் தொடங்கியவர் டாக்டரம்மா. நாடி பிடிக்கிற டாக்டர் இல்லை, தெருத்தெருவாக நோய் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிற டாக்டர் என்று கேள்வியக்கா வீட்டில் விளக்கினாள். "தெருவுக்கு என்ன நோய்? குழிதான்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். ஆனால் டாக்டரம்மா ஒருநாள் அவர்கள் வீட்டுக்கே வந்து, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, பேச்சுவாக்கில் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போன பிறகு அவரும் கேலியைக் குறைத்துக்கொண்டார். மழைக்காலத்தில் ஒரே தெருவில் அடுத்தடுத்து இரண்டு சிசுக்கள் இறந்தபோது, அலுவலக மாடிப்படியில் டாக்டரம்மாவும் கேள்வியக்காவும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதிருக்கிறார்கள். அப்படி அழுத இருவருக்கு இடையில் மேல் கீழ் என்று ஒன்று இருப்பதாக அவளுக்குத் தோன்றியதில்லை.

கேள்விகளுக்கு முன்னால் சொல்ல வேண்டிய உறுதிமொழியை எழுதியவரும் டாக்டரம்மாதான். உங்களை அடையாளம் காட்டும் எதுவும் யாருக்கும் தரப்படமாட்டாது என்று அது அச்சில் இருக்கும். கேள்வியக்கா அதை வாசித்துவிட்டு, தன் பாஷையில் ஒருமுறை சொல்லுவாள்: "இதப் பாரு கண்ணு. நீ சொல்றது கணக்காத்தான் போகும், கதையாப் போகாது." அந்த வாக்கியத்துக்குப் பிறகு பெண்கள் கால்களை நீட்டி உட்காருவதை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள்.

பொடிசும் அப்படித்தான் நீட்டி உட்கார்ந்தாள்.

ஆள் ஒல்லி, குள்ளம். கட்டிக்கொண்டவன் முதல் கூட வேலை செய்பவர்கள் வரை எல்லாருக்கும் அவள் பொடிசுதான். மாடியில் ஒற்றை அறை. தண்ணீர் கேன் சுமக்கப் போயிருந்தான் கணவன். கொடியில் சின்னச் சின்னத் துணிகள். அனுப்பிவைக்க மாமியார் இல்லாததால் கேள்வியக்காவுக்குப் பாதி வேலை மிச்சம்.

"என்ன வேலை பார்க்குற?"

"பெருக்கித் துடைக்கிற வேலைதான்க்கா. கான்ட்ராக்ட்ல. மறுபடி சேர்ந்து பத்து நாள்தான் ஆச்சு. பக்கத்து வீட்ல பாத்துக்கிறாங்க இவனை."

கேள்வியக்கா "துப்புரவுப் பணி" என்று எழுதினாள். எங்கே என்ற கேள்வி வினாத்தாளில் இல்லை. அவளும் கேட்கவில்லை.

"பிரசவ அறையில உன்னை மரியாதையா நடத்தினாங்களா? எப்பவும், சில நேரம், இல்லவே இல்ல. இந்த மூணுல ஒண்ணு சொல்லணும்."

"நடத்தினாங்க, விடுங்கக்கா. அடுத்தது கேளுங்க."

அடுத்தது, அதற்கடுத்தது என்று போயின. "அழுகை வருதா?" என்ற கேள்விக்கு, "அடிக்கடி" என்றாள். கடைசிக் கேள்வி வந்தது. பொடிசு குழந்தையின் காதை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். கேள்வியக்கா பேனா மூடியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். கீழே யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று, முயன்று, கிளப்பிப் போனார்கள்.

"நான் கத்தக் கத்த அலாரம் அடிச்சுதுக்கா" என்றாள் பொடிசு. "விடவே இல்ல. சுத்தி நின்னவங்க பாத்துக்கிட்டுதான் இருந்தாங்க. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல."

சொல்லும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி முகவாயில் நின்றது. துடைக்கக்கூட இல்லை. கேள்வியக்கா ஒரு எழுத்து விடாமல் எழுதி, வாசித்துக் காட்டினாள். "சரியா?"

"ம்."

பிரசவ வலியில் இருப்பவளின் வயிற்றில் பட்டை கட்டி, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் கருவி ஒன்று உண்டு என்று கேள்வியக்காவுக்குத் தெரியும். துடிப்பு தடுமாறினால் அது அலறும். அலறியும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் எவ்வளவு பெரிய விஷயம்! கடைசிக் கேள்வியின் பதில் எதைப் பற்றியது என்று ஓரத்தில் குறிக்க வேண்டும்: ஆட்கள், இடம், கருவிகள். கேள்வியக்கா "கருவிகள்" என்பதில் வட்டம் போட்டாள். குழந்தையின் உள்ளங்காலை ஒருமுறை தொட்டுவிட்டுக் கிளம்பினாள்.

அந்த வருஷக் கணக்கை ஆஸ்பத்திரிக்காரர்கள் முன்னால் வைக்கும் நாள் வந்தது. படியேறும்போதே கேள்வியக்கா கேட்டாள், "எண்ணிக்கை மட்டும்தானே மேடம்?"

"எண்ணிக்கை மட்டும்தான்க்கா. வேற எதைச் சொல்லப்போறேன்?"

ஆஸ்பத்திரியின் கூட்ட அறையில் முன்வரிசையில் டாக்டர்கள், நடுவில் நர்ஸ்கள். நாற்காலி கிடைக்காத வார்டு ஆட்களும் துப்புரவு ஆட்களும் பின்சுவரோடு ஒட்டி நின்றார்கள். கேள்வியக்கா ஓரத்தில், டீ வைத்திருந்த மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா திரையில் கட்டங்களைக் காட்டினார். பிரசவ அறையில் தங்களைத் திட்டினார்கள் என்று இவ்வளவு பேர், கை ஓங்கினார்கள் என்று இவ்வளவு பேர். ஆஸ்பத்திரித் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாம் நம்பர்தான். யாரோ எதையோ சொல்லியிருப்பாங்க, நீங்களும் கூட்டிப் போட்டுட்டீங்க. ஒரு பொண்ணு, ஒரே ஒரு பொண்ணு என்ன சொன்னான்னு காட்டுங்க பாப்போம்."

சுற்றிலும் தலைகள் ஆடின. டாக்டரம்மா காகிதங்களைப் புரட்டினார். அவர் தேடுவது யாரையும் குற்றம் சொல்லாத ஒன்றை என்று கேள்வியக்காவுக்குத் தூரத்திலிருந்தே புரிந்தது. யாருக்கும் கோபம் வராத ஒன்றை. "கருவிகள்" என்று குறித்த தாள்களின் கட்டிலிருந்து ஒன்றை உருவினார்.

"இதைக் கேளுங்க. 'நான் கத்தக் கத்த அலாரம் அடிச்சுதுக்கா. விடவே இல்ல. சுத்தி நின்னவங்க பாத்துக்கிட்டுதான் இருந்தாங்க.' கருவி அடிச்சிருக்கு, யாரும் கவனிக்கல. இதுக்கு..."

பின்சுவரிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. வாயைப் பொத்தியும் மூக்கு வழியாக வந்த சிரிப்பு. அது அடங்குவதற்குள் அடுத்தவருக்குத் தொற்றி, சுவர் நெடுகப் போனது. வாளியோடு நின்ற ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினாள். முன்வரிசை திரும்பிப் பார்த்தது. நர்ஸ்கள் யாரும் சிரிக்கவில்லை. சிலர் ஓரக்கண்ணால் ஒரே பக்கம் பார்த்தார்கள். அங்கே பிரசவ வார்டுத் தலைமை நர்ஸ், நெஞ்சை நிமிர்த்தி, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எதுக்கு சிரிக்கிறாங்க?" என்று கேள்வியக்கா டீ ஊற்றிக்கொண்டிருந்தவளைக் கேட்டாள்.

"மெஷினாமே!" என்றாள் டீக்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஐயோ அம்மா, அலாரம்ங்கிறது மெஷின் இல்லம்மா. பெரிய சிஸ்டருக்கு நாங்க வச்ச பேரு. அது வார்டுக்குள்ள கால வச்சா செத்த பொணமும் எழுந்து உக்காரும். 'அலாரம் வருது', 'அலாரம் போயிருச்சு'ன்னுதான் எங்களுக்குள்ள பேச்சு. அதுக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தோம். இப்பத் தெரிஞ்சுபோச்சு பாரு."

கேள்வியக்கா டம்ளரை மேஜையில் வைத்தாள். பிடிக்காத மனுஷியை அவள் என்றுகூடச் சொல்லாமல் அது என்று இறக்கிவைக்கிற பேச்சு எந்தத் தெருவில் இல்லை? அவளே பேசியிருக்கிறாள். அலாரம் அடிச்சுது. மணி அடித்தது இல்லை. கை அடித்தது.

கூட்டம் முடிந்ததும் நடையில் டாக்டரம்மாவைப் பிடித்தாள். "அது ஆளு மேடம். மெஷின் இல்ல. அந்தப் பொண்ணு இங்கதான் பெருக்குது போல. இவங்களுக்குள்ள வச்ச பேரு அது. நீங்க வாசிச்ச உடனே, சொன்னது கான்ட்ராக்ட் ஆளுங்கள்ல ஒருத்தின்னு தெரிஞ்சுபோச்சு."

டாக்டரம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ. தப்புப் பண்ணிட்டேன்க்கா."

"வாசிச்சது வாசிச்சாச்சு. இனிமே யார் கேட்டாலும் ஒரு வார்த்தை குடுக்காதீங்க. எந்தத் தெரு, எந்த மாசம், எதுவும். பிள்ளை பெத்தவங்க அதுல நாலு பேரு இருக்கலாம். யாருன்னு தெரியாம போயிடும்."

"சத்தியமா குடுக்கமாட்டேன்." டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

தெரியும் என்றுதான் அவள் வீட்டுக்கு வந்தாள்.

மறுவாரம் ஒரு முன்பகலில், கண்ணாடிக்கடை வாசலில் பொடிசு வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை. கடைக்காரர் பலகைமேல் கண்ணாடியைப் படுக்கவைத்துக் கீறிக்கொண்டிருந்தார். மனைவிக்குக் குரல் கொடுத்துவிட்டு, பேச்சின் தோரணையைப் பார்த்து, வேலையை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனார்.

"என்னை கேட்லயே நிறுத்திட்டாங்க" என்றாள் பொடிசு. "விசாரணை முடியற வரைக்கும் வேலைக்கு வராதேன்னு."

"உக்காரும்மா."

"உக்கார வரல. கதையாப் போகாது, கதையாப் போகாதுன்னு எத்தனை வாட்டி சொன்னீங்க? கதையாத்தானே போச்சு? மைக்ல வாசிச்சாங்களாமே. எல்லாரும் சிரிச்சாங்களாமே!"

"உன் பேரு..."

"பேரு எதுக்குக்கா? அந்த சமயத்துல பெத்தவங்க எங்க கான்ட்ராக்ட்ல ரெண்டே பேரு. இன்னொருத்தி ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கா. யாருன்னு தெரியாம ரெண்டு நாள் எங்க ரெண்டு பேரையும் மொறைச்சுக்கிட்டிருந்தாங்க. அப்புறம் கான்ட்ராக்டர் என்னை மட்டும் கூப்பிட்டு, 'உன் ஏரியாலேர்ந்துதான் போயிருக்கு, கணக்கெடுக்குற டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க'ன்னு சொல்றான்."

கேள்வியக்கா, தான் கேட்டது சரிதானா என்று ஒருமுறை கேட்டாள். பொடிசு மறுபடியும் அதையே சொன்னாள்.

"நான் ஒண்ணும் புகார் குடுக்க வரல அங்க. புள்ள நல்லா பொறந்துச்சு, வந்துட்டேன், முடிஞ்சுபோச்சு. நீங்கதான் தேடி வந்தீங்க." குழந்தை சிணுங்கியது. இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை விசாரணை. உங்களையும் கூப்பிடுவாங்க. நான் மெஷினைத்தான் சொன்னேன்னு சொல்லப்போறேன். நீங்களும் அதையே சொல்லணும்."

"உன்னை அடிச்சதை..."

"அதை வச்சு நான் என்ன பண்ணப்போறேன்? எனக்கு வேலை வேணும். சொல்லுவீங்களா, மாட்டீங்களா?"

பொடிசு போன பிறகு கேள்வியக்கா நேரே அலுவலகத்துக்குப் போனாள். டாக்டரம்மா கதவைச் சாத்தச் சொன்னார். அதிலேயே பாதி பதில் வந்துவிட்டது.

"பேர் சொல்லலக்கா. சத்தியமா சொல்லல. ஏரியா மட்டும்தான்."

"ஏரியா மட்டும்."

"ஆஸ்பத்திரித் தலைவர் பிறப்புப் பட்டியலையே நிறுத்திடுவேன்னு சொன்னார். பட்டியல் இல்லன்னா நமக்கு எதுவுமே இல்ல. இத்தனை வருஷ வேலை, இன்னும் எத்தனை தாய்மாருங்க, நீங்களே யோசிச்சுப் பாருங்க. ஒண்ணையாவது குடுங்கன்னு உக்காந்துட்டார். ரொம்ப சின்ன விஷயமாத் தெரிஞ்சுது."

கேள்வியக்கா சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் கண்ணாடியை உடைக்கிறதே இல்ல மேடம். சின்னதா ஒரு கீறல் போடுவார், அவ்வளவுதான். அப்புறம் அது தானாவே அந்த இடத்துல ரெண்டாயிடும்."

டாக்டரம்மாவின் கண்கள் கலங்கின. ஆனால் கலங்கிய கண்ணோடு அவர் சொன்னது வேறு: "நான் மட்டுமாக்கா? 'கருவிகள்'னு வட்டம் போட்டது நீங்கதானே? அதைப் பாத்துத்தானே நான் எடுத்தேன்?"

மாடிப்படியில் தோளில் சாய்ந்து அழுதவர். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவர். அந்த வாக்கியம் பொய் இல்லை என்பதுதான் கேள்வியக்காவுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. கத்தியைக் கையில் கொடுத்தவளே நீதான் என்று, குத்தியவரே வந்து சொன்னதுபோல் இருந்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

வெள்ளிக்கிழமை விசாரணை அறையில் நீளமேஜை. ஒருபக்கம் ஆஸ்பத்திரித் தலைவர், தலைமை நர்ஸ், கான்ட்ராக்டர். மறுபக்கம் டாக்டரம்மாவும் கேள்வியக்காவும். பொடிசுக்கு நாற்காலி போடவில்லை. கதவோரம் நின்றாள்.

முந்தின ராத்திரி கணவர் கேட்டிருந்தார், "என்ன சொல்லப்போற?" ஒரு சொல்லைக்கூட அவள் மாற்றி எழுதியதாக இதுவரை யாரும் விரல் நீட்டியதில்லை. அவள் நிஜத்தைச் சொன்னால் அடித்த கை மேஜைக்கு வரும், பொடிசு கேட்டுக்கு வெளியே போவாள். சொல்லாவிட்டால் பொடிசு உள்ளே வருவாள், அடி மட்டும் நடக்காததாகிவிடும். எப்படி மடித்தாலும் கிழிந்த பக்கம் வெளியே தெரிந்தது. கடைசியில் அவள் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான். வாயைத் திறந்து சொன்னவள் பொடிசு. இப்போது மூடச் சொல்வதும் அவள்தான்.

"நீங்கதான் எழுதினவங்களா?" என்றார் தலைவர்.

"ஆமா சார்."

"அலாரம்னு அந்தப் பொண்ணு சொன்னது எதை?"

"மெஷினைத்தான் சார். கேட்ட அன்னைக்கே 'கருவிகள்'னு வட்டம் போட்டிருக்கேன், பாருங்க."

தாள் மேஜைமேல் கைமாறிப் போனது. தலைவர் வட்டத்தைப் பார்த்தார். கதவுப் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா."

"மெஷின்தான் சார்" என்றாள் பொடிசு. "ராத்திரி பூரா அடிச்சுது."

"எனக்கு இவங்க பட்டப்பேர் வச்சிருக்கிறது?" என்றார் தலைமை நர்ஸ்.

"யாரு சிஸ்டர் வச்சாங்க? அந்த மாதிரியெல்லாம் நாங்க பேசவே மாட்டோமே."

அவள் முகத்தில் அவ்வளவு பச்சைக்குழந்தைத்தனம் இருந்தது. தலைமை நர்ஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பவில்லை என்பதும், நம்புவதுதான் தனக்கும் நல்லது என்பதும் அந்தப் பார்வையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோயின. பிறகு தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார்.

தலைவருக்கும் நிம்மதி. பிரசவ அறைக் கருவிகளின் அலாரச் சத்தம் தாய்மார்களுக்குத் தொந்தரவாக இருப்பதாகத் தெரியவந்துள்ளதால், சத்தத்தைக் குறைக்க உடனே நடவடிக்கை எடுக்கப்படும் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். கான்ட்ராக்டர், "நாளைலேர்ந்து வா" என்றான். எழுந்திருக்கும்போது டாக்டரம்மா கேள்வியக்காவின் தோளில் கைவைத்து, "பெரிய உதவிக்கா" என்றார். கேள்வியக்கா தோளை நகர்த்திக்கொண்டாள். கை அந்தரத்தில் கொஞ்சநேரம் நின்றது.

பொடிசு பின்படி வழியாக இறங்கிக்கொண்டிருந்தாள். கேள்வியக்கா பின்னாலேயே வேகமாக இறங்கி, திருப்பத்தில் பிடித்தாள். என்ன சொல்லுவது என்று யோசித்து வரவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். பொடிசு முந்திக்கொண்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு கண்ணு."

"நீங்க நிஜமாவே மெஷின்னுதான் நினைச்சீங்களா? இல்ல, எனக்காக அப்படி வட்டம் போட்டு வச்சீங்களா?"

எனக்காக என்று சொல்லும்போது அவள் குரலில் ஒரு சின்ன எதிர்பார்ப்பு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கலாம். கேள்வியக்கா இன்று ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியிருந்தாள். இரண்டாவதுக்கு வாய் வரவில்லை.

"நிஜமாவே மெஷின்னுதான் நினைச்சேன்மா."

பொடிசு தலையை ஆட்டினாள். கோபப்படவில்லை. கணக்கு ஒன்று சரியாகிவிட்டதுபோல மெதுவாகத்தான் ஆட்டினாள்.

"என் வாழ்க்கையில நான் அதை வாயைத் திறந்து சொன்னது உங்க ஒருத்தர்கிட்டதான். எங்க வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லல. சொன்னா ஓடிப்போய்ச் சண்டை போடுவாருன்னு." கைப்பிடிச் சுவரில் ஒட்டியிருந்த பூச்சுத் துகளை விரலால் தட்டிவிட்டாள். "நான் அழுதேனே அக்கா. நீங்க பாத்தீங்கதானே?"

"பாத்தேன்."

"மெஷின் அடிச்சதுக்கா ஒருத்தி அப்படி அழுவா?"

கேள்வியக்காவுக்கு அந்த அறை அப்படியே கண்முன் வந்தது. முகவாயில் நின்ற தண்ணீர். பேனா மூடி. அழுகையை அவள் கவனிக்காமல் விடவில்லை. பிள்ளை பெற்றவர்களுக்குக் காரணமில்லாமலும் அழுகை வரும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதற்கென்று தனியாக ஒரு கேள்வி இருந்தது, அதில் "அடிக்கடி" என்று ஏற்கெனவே குறித்தாயிற்று. ஆகையால் அந்தக் கண்ணீருக்கு எழுத வேண்டியது மிச்சம் எதுவும் இருக்கவில்லை. ஏன் அழுகிறாய் என்று ஒரு வார்த்தை அவள் கேட்கவில்லை.

இதை எப்படிச் சொல்லுவது?

பொடிசு இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். கேள்வி கேட்டுவிட்டு, முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். பதில் வராது என்று தெரிந்ததும், பக்கத்து வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு வந்திருப்பதாகச் சொல்லி, மிச்சப் படிகளை இறங்கிப் போனாள்.